புடிச்சேன், உட்டுட்டேன்

வலது கையைப் பின்னால் இழுத்து, காதுக்கு நேரே ஒரு நொடி நிறுத்தி, பிறகு முன்னால் வீசுகிறார் ஜெபகுமார். தூண்டில் கயிறு தலைக்கு மேலே வளைந்து, நீண்டு, பாலாற்று மணலில் மெத்தென்று விழுகிறது. மேய வந்த ஆடு ஒன்று கயிற்றின் நுனியில் இருந்த பூச்சியை முகர்ந்து பார்த்துவிட்டு, தனக்கு ஆகாது என்று விலகிப் போகிறது. "பாத்தியா, டச் பண்ணிச்சு" என்கிறார். பக்கத்தில் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஓரிக்கைப் பக்கம் ஆற்றில் இது நடக்கும். மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டை, உடம்பெல்லாம் பை வைத்துத் தைத்த மேல்சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. எல்லாம் உண்டு, தண்ணீரைத் தவிர. அவர் பிடிக்க ஆசைப்படுவது ட்ரவுட் என்ற மீனை. அது குளிர்ந்த, ஓடுகிற நீரில் வாழ்வது. பாலாற்றில் வருடத்தில் பாதிக்கு மேல் நீரே வாழ்வதில்லை. இதை யாராவது எடுத்துச் சொன்னால் அவர் கோபப்பட மாட்டார். "இது பிராக்டீஸ்பா. ரிசப்ஷன்ல ஆடணும்னா முன்னாடியே கத்துக்கினுதானே போறாங்க?" என்பார்.

மற்ற நாட்களில் அவர் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் மாடியில், வெள்ளை விரிப்பின்மேல் உட்கார்ந்து புடவை காட்டுகிறார். அவர் கைகளுக்கு விரியத்தான் தெரியும். முந்தியைப் பிடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் அவர் அகட்டும்போது, தறியில் நெய்த நீளத்தைவிட ஒரு சாண் கூடுதலாகத் தெரியும். "லாஸ்ட் பீஸ்மா, இதுக்கப்புறம் இந்தக் கலர் வராது" என்று அவர் சொல்லும்போது, முதுகுக்குப் பின்னால் உள்ள அலமாரியில் அதே கலரில் இன்னொரு கட்டு பிரிக்காமல் இருக்கும். அதைப் பொய் என்று சொல்லிவிடக் கூடாது. "வியாபார வார்த்தை" என்று திருத்துவார். இருபது வருடமாக வியாபார வார்த்தையில் குடும்பம் நடத்துகிறவர். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். கைகளை அகட்டிக் காட்ட அவரிடம் ஒன்றும் இருந்ததில்லை.

ட்ரவுட் அவர் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு கூரைப்புடவை வழியாக. சின்னக் காஞ்சிபுரத்தில் பாஷ்யம் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார். அவருடைய மகள் லக்ஷணாவுக்குக் கல்யாணம். கடை மாடியில் பெண்கள் காலையில் ஆரம்பித்த புடவைத் தேர்வு பிற்பகலிலும் முடியவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அண்ணன் ப்ரஹ்லாத், சும்மா உட்கார முடியாமல் தன் போனை எடுத்து ஜெபகுமாரிடம் ஒரு படத்தைக் காட்டினார். ஓர் அணைக்குக் கீழே தொடையளவு தண்ணீரில் ப்ரஹ்லாத் நிற்கிறார். கையில் ஒரு மீன். அணையின் அடிமட்டத்திலிருந்து திறந்துவிடும் தண்ணீர் கோடையிலும் சில்லென்று இருக்குமாம். டெய்ல்வாட்டர் என்று அதற்குப் பெயராம். அதில் இறங்கி நின்று, நிஜப் பூச்சியைப்போல நூலிலும் இறகிலும் கட்டிய பொய்ப் பூச்சியை வீசி மீனை ஏமாற்ற வேண்டுமாம்.

ஏமாற்ற வேண்டும் என்றதும் ஜெபகுமாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அவர் முதலில் பார்த்தது மீனை. "சார், இன்னா கோர்வை சார் இது! உடம்பு பாசிப்பச்சை, நடுவுல ரோஸ் பார்டர், மேல மொத்தமும் கறுப்பு புட்டா. எந்தத் தறியில போட்டாங்க?" பிறகு தொழில்முறை மரியாதையோடு கேட்டார்: "குழம்பா சார், வறுவலா?"

ப்ரஹ்லாத் அம்மா பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஐயோ, நாங்கள்லாம் சாப்பிடமாட்டோம் ஜெபா. பிடிச்சு, அப்படியே தண்ணில விட்டுடுவேன்."

"உடறதுக்கு எதுக்கு சார் புடிக்கணும்?"

"அதான் கேமே. ஆத்மதிருப்தி. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கோ."

வெங்காயத்தைக்கூட யோசித்துச் சாப்பிடும் வீட்டுப் பிள்ளை, கடல் தாண்டிப் போய், மீனின் உதட்டில் முள்ளை மாட்டி இழுத்து, படம் எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்புகிறார். மீனின் அபிப்பிராயம் என்ன என்று இதுவரை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. ஜெபகுமார் அதை விசாரிக்கவில்லை. அவருடைய தெருவில் மனிதர்கள் மீன் வாங்குவார்கள், கழுவுவார்கள், தின்பார்கள். மீனோடு விளையாட யாருக்கும் நேரம் கிடைத்ததில்லை. அப்படி நேரம் கிடைத்த மனிதராக அவர் ஆக விரும்பினார்.

அடுத்த விடுமுறையில் ப்ரஹ்லாத் தன்னுடைய பழைய தூண்டில் கோலையும் ரப்பர் கால்சட்டையையும் கொண்டுவந்து கொடுத்தார். ப்ரஹ்லாத் நெடுநெடுவென்று வளர்ந்தவர். அவருக்கு மார்போடு நின்ற கால்சட்டை ஜெபகுமாருக்கு மோவாய் வரை வந்தது. அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்த முதல் வாரமே ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து, "யப்பா, இங்க வா, காவா அடைச்சிக்கினு இருக்குது" என்று கூப்பிட்டார். இன்னொரு தெருவிலும் அதே நடந்தது. கொடுத்த அன்று அதே கால்சட்டையை அதே தெருவில் ப்ரஹ்லாத் போட்டுக்காட்டி நடந்தபோது, "ட்ரெக்கிங்கா சார்?" என்று விசாரித்தார்கள். ஜெபகுமார் இப்போது அதைப் பையில் வைத்து எடுத்துப்போய், ஆற்றில் இறங்கியபின்தான் மாட்டிக்கொள்கிறார். கேட்டால், "ரப்பர் வெயில்ல வெடிச்சிடும்பா" என்கிறார்.

பொய்ப் பூச்சிகளை அவரே கட்டுகிறார். தறிக்காரர்கள் அறுத்துப் போடும் பட்டு நூல், பக்கத்து வீட்டுச் சேவலின் இறகு, கொஞ்சம் ஜரிகை. அரக்கு நிறத்தில் தங்க வரி போட்ட ஒன்றுக்கு 'முகூர்த்தம்' என்று பெயர். கிளிப்பச்சையில் இன்னொன்று 'ரிசப்ஷன்'. கடையில் எந்தப் புடவைக்கும் அசல் ஜரிகை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர், பூச்சிக்கு மட்டும் உரசிப் பார்த்து அசலைத்தான் வைக்கிறார். அவர் எப்போதாவது போய் வீசிப் பார்க்கும் ஏரியின் மீன்கள் இந்த நேர்மையை மதிக்கவில்லை. அவை மண்புழுவுக்கும் கோதுமை மாவுக்கும் பழகியவை. புழு போடச் சொன்னால் ஜெபகுமாருக்கு முகம் சுருங்கிவிடும். "புழு போட்டா அது பிச்சை போடறமாதிரிபா. அது வந்து ஏமாறணும்."

கடையில் எல்லோருமாக ஊட்டிக்கு வேனில் போனபோது, அந்த மலைப்பக்கம் ட்ரவுட் உண்டு என்று கேள்விப்பட்டுக் கோலையும் எடுத்துப்போனார். அதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்றார் ஒருவர். வேனில் இருந்தவர்களோ வர்க்கி பிஸ்கட் வாங்க வேண்டும் என்றார்கள். வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

ஆக, இத்தனை வருடத்தில் அவர் ஒரு மீனையும் பிடித்ததில்லை. ஆனால் இது ஊருக்குத் தெரியாது, ப்ரஹ்லாத்துக்கும் தெரியாது. பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்பதைப்போல ஒரு வசதியான சம்பிரதாயம் உலகத்தில் வேறு இல்லை. வெறும் பையோடு வரும் ஒவ்வொரு ஞாயிறும் அவர் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "புடிச்சேன், உட்டுட்டேன்." எவ்வளவு பெரிது என்று கேட்டால் கைகள் முந்தி விரிப்பதுபோல விரியும். வாட்ஸ்அப்பில் ப்ரஹ்லாத்துக்கும் அதே செய்திதான். "சூப்பர் ஜெபா" என்று கொலராடோவிலிருந்து கட்டைவிரல் வரும்.

இந்த வாக்கியம் செல்லுபடியாகாத ஒரே இடம் வீடு. மனைவி ஏஞ்சல் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறார். சர்க்கரையே சாப்பிடுவதில்லை என்று சத்தியம் செய்கிறவர்களின் ரத்தத்தைத் தினமும் பார்ப்பவர். அவருக்கு வாய்ச்சொல் எடுபடாது, ரிப்போர்ட் வேண்டும்.

இந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. தடுப்பணை நிரம்பி வழிந்தது. வெள்ளம் வடிந்ததும் அணைக்குக் கீழே தொடையளவு தண்ணீர் தெளிவாக ஓடியது. ஜெபகுமார் போய் அதில் கையை வைத்துப் பார்த்து, "டெய்ல்வாட்டர்" என்றார். பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மாள், "தண்ணிதானேபா அது? அதுக்கு எதுக்கு பேரு?" என்றார்.

அதே சமயம் அப்பாவின் சதாபிஷேகத்துக்காக ப்ரஹ்லாத்தும் ஊருக்கு வந்தார். ஞாயிறு காலை இருவரும் ஆற்றில் இறங்குவதென்று முடிவானது. அந்த ஞாயிறுதான் ஏஞ்சலின் கேலிக்காரத் தம்பி விக்ரம் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தான்.

சனிக்கிழமை ஏஞ்சல் புளியை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு மீன் வாங்கப் போறதில்ல. நீங்கதான் எடுத்தாறீங்க."

"இல்லம்மா, அது புடிச்சி உடறது..."

"தெரியும். எத்தனை வருசமா உட்டுக்கினு இருக்கீங்க. ஒண்ணே ஒண்ணை உடாம எடுத்தாங்க. வெறுங்கையோட வந்தீங்கன்னா, அந்தக் குச்சியும் ரப்பர் பேண்ட்டும் பழைய இரும்புக்காரன் வண்டியில ஏறிடும். சொல்லிட்டேன்."

ஏஞ்சல் சொன்னால் செய்வார். அந்தக் கோல் போய்விட்டால் ஜெபகுமாருக்கு மிச்சம் இருப்பது காந்தி ரோடு மட்டும்தான். அன்று அவர் கட்டிய 'முகூர்த்தம்' வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது.

ஞாயிறு காலை, அணைக்குக் கீழே, இருவரும் தண்ணீரில் நின்றார்கள். ப்ரஹ்லாத் நீரோட்டத்தைப் பற்றிப் பேசினார், மௌனத்தைப் பற்றிப் பேசினார், பேசாமல் நிற்பதன் அருமையைப் பற்றி நெடுநேரம் பேசினார். ஜெபகுமார் நாணல் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ப்ரஹ்லாத்தின் போன் அடித்தது. அம்மா ஹேமாம்புஜம். அணைச் சத்தத்தையும் மீறிக் கேட்கிற குரல்.

"எங்கேடா இருக்கே? ஹோமம் பண்ணிவைக்க வாத்தியார் வந்து காத்துண்டிருக்கார்!"

"பாலாத்தங்கரைலதான்மா. சும்மா... ஸ்நானம் பண்ணலாம்னு."

"சமத்து!" என்றது போன். ப்ரஹ்லாத் முதுகைக் காட்டிக்கொண்டு கரையேறி, நாணலுக்கு அப்பால் போய்ப் பேச ஆரம்பித்தார்.

ஜெபகுமார் வீசிய கயிறு அப்போதுதான் நின்றது. கல்லில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து இழுத்தார். கல் திருப்பி இழுத்தது. கோல் வளைந்தது. இத்தனை வருடம் யூடியூபில் பார்த்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. ரப்பர் கால்சட்டைக்குள் தண்ணீர் புகுந்தது, தொப்பி ஆற்றோடு போனது. கடைசியில் நாணல் ஓரச் சேற்றில் அது துள்ளியது. ட்ரவுட் இல்லை, பாலாற்றுக்கு அவ்வளவு கற்பனை கிடையாது. விரால். கறுத்த, வழவழத்த, நல்ல குழம்பு விரால். உதட்டோரம் தங்க ஜரிகை மின்னியது.

அவர் முதலில் கையை நனைத்துக்கொண்டார். காய்ந்த கையால் தொட்டால் மீனின் தோல் கெட்டுவிடும் என்று ப்ரஹ்லாத் சொல்லியிருந்தார். முள்ளைக் கழற்றினார். பை தோளில் இருந்தது, வாய் திறந்துதான் இருந்தது. ப்ரஹ்லாத்தின் முதுகு தெரிந்தது. பார்க்க ஒருவரும் இல்லை. பையில் போட்டால் வீட்டில் வெற்றி, கோல் பிழைக்கும், விக்ரமின் வாய் ஒரு வருடத்துக்கு மூடியிருக்கும்.

மீன் ஈரக் கைக்குள் மெல்ல அசைந்தது. இவ்வளவு வருடம் அவர் வாயால் விட்ட மீன்களெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று அவர் ஒருமுறையும் யோசித்ததில்லை. அவர் குனிந்து, மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, மூச்சு திரும்பட்டும் என்று காத்திருந்தார். ட்ரவுட்டுக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். விரால் என்பது ஈரத்துணியில் சுற்றிவைத்தாலே சென்னை போய்ச் சேரும் வரை சாகாத மீன். அதற்குப் போய் அவர் மூச்சு வரவழைத்துக்கொண்டிருந்தார். விராலுக்கே பொறுமை போய்விட்டது. ஒரு உதறு உதறிக்கொண்டு போனது.

ப்ரஹ்லாத் திரும்பி வந்தார். "ஏதாவது வந்துதா ஜெபா?"

"வந்துச்சு சார். விரால். புடிச்சேன், உட்டுட்டேன்."

"சூப்பர்" என்று சிரித்தார் ப்ரஹ்லாத். அந்தச் சிரிப்பை ஜெபகுமாருக்கு நன்றாகத் தெரியும். லாஸ்ட் பீஸ் என்று சொல்லும்போது விவரமான வாடிக்கையாளர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

வீட்டில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, மீனுக்காகக் காத்துக்கொண்டு. விக்ரம் வாசலிலேயே பையை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தான். இரண்டு பூச்சியும் கொஞ்சம் மணலும் விழுந்தன.

"அக்கா, மீன் ரொம்பச் சின்னதா இருக்குது, கண்ணுக்கே தெரியல!"

"புடிச்சேன்" என்றார் ஜெபகுமார். குனிந்து பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டார். "உட்டுட்டேன்."

"யோவ் மாமா, அந்த டயலாக்க மாத்தவே மாட்டியா நீ?"

ஏஞ்சல் சிரிக்கவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு, சுவரில் சாய்த்து வைத்த கோலை ஒருமுறை பார்த்தார். பிறகு, நோயாளியிடம் கேட்கிற அதே குரலில் கேட்டார்: "எவ்ளோ பெருசு?"

ஜெபகுமாரின் கைகள் உயர்ந்தன. பழக்கம் விடாமல், முந்தி விரிப்பதுபோல, தோளைத் தாண்டி அகன்றன. அங்கேயே நின்றன. அவர் தன் கைகளை ஒரு முறை பார்த்தார். பிறகு வலது கையைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்தார். இடது கையையும். யோசித்து, இன்னும் கொஞ்சம்.