நோட்டில் எழுதிய பொய்

வாரத்துக்கு ஒரே ஒரு இன்சுலின் ஊசி போதுமா என்று பார்க்க, போடி ஆஸ்பத்திரியில் நடந்த ஆய்வில் நானும் சேர்ந்திருந்தேன். தினமும் காலையில் விரலைக் குத்தி, சர்க்கரை அளவை நோட்டில் எழுத வேண்டும். வலிக்குப் பயந்து குத்தாமல், கூடுதலாக இருந்த முதல் வாரத்து அளவுகளையே திரும்பத் திரும்ப எழுதிவைத்தேன். சர்க்கரை குறையவே இல்லை என்று நம்பி டாக்டர் மருந்தைக் கூட்டினார்.

ஒருநாள் ஏலத்தோட்டத்து வேலைக்கு ஜீப்பில் போகும்போது எனக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. பக்கத்தில் இருந்த தொழிலாளிப் பெண் என் முகத்தைப் பார்த்தார்.

“அண்ணே, சக்கரைக்கு ஊசி போடுறீகளா? எங்க வீட்டுக்காரருக்கும் சக்கரை ரொம்ப எறங்குனா இப்படித்தான் வரும். வெரசா வாயைத் தொறங்க” என்று, தன் பிள்ளைக்கு வாங்கிய மிட்டாய்களை ஒவ்வொன்றாக உரித்து ஊட்டிவிட்டார். நடுக்கம் நிற்கும்வரை என் தோளை விடவில்லை.

மறுநாள் ஆய்வு நர்ஸிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன்.

“நல்லவேளை சொன்னீகண்ணே. இல்லேன்னா மருந்து மேலதான் பழி விழுந்திருக்கும்” என்று சொல்லி, எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். டாக்டர் மருந்தைக் குறைத்தார்.

இப்போது என் மனைவிதான் விரலைக் குத்துகிறாள்; நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். வருகிற அளவு எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதையே எழுதுகிறேன். அதை நம்பித்தான் நாளை யாரோ ஒருவருக்கு மருந்து அளக்கப்போகிறார்கள்.