குடத்தோடு வீடு பார்க்கப் போனேன்

காலடிப்பேட்டையில் புதிதாகக் கட்டிய ஃபிளாட்டைப் பார்க்க நான் ஒரு குடம் தண்ணீரோடு போனேன். கூட வந்த என் கணவருக்கு ஒரே வெட்கம். பில்டரோ டைல்ஸின் பளபளப்பையே பாடிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஷோக்காதான் கீது. தண்ணி இன்னா சொல்லுதுன்னு பாப்போம்" என்று பாத்ரூமில் குடத்தைக் கவிழ்த்தேன். மூலையில் இருந்த வடிகால் ஓட்டையைச் சீண்டாமல், தண்ணீர் நிலைப்படியைத் தாண்டி ஹாலுக்கு வந்து பில்டரின் ஷூவை நனைத்தது.

"இன்னாம்மா இது?" என்று அவர் துள்ளினார்.

"குடம் வாங்கும்போதே தண்ணி ஊத்திப் பாத்துதான் வாங்குவோம், நைனா. இது வூடு!"

தரையைப் பெயர்த்து, ஓட்டைப் பக்கம் சரிவு வைத்துப் போட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். இப்போது மற்ற ஃபிளாட்டுகளைப் பார்க்க வருகிறவர்களும் குடத்தோடுதான் லிஃப்டில் ஏறுகிறார்கள். பில்டர் ஷூவை வாசலிலேயே கழற்றிவிடுகிறார்.