ஏழாம் அறை மக்கள்

அருங்காட்சியகத்தில் இருக்கும் பொருள்கள் 41,386. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. அவற்றில் பாதிக்கு மேல் ஒரே கையெழுத்து. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் பதிவறை எழுத்தர். இருபத்தொன்பது வருட சர்வீஸ். ஓய்வுக்கு இன்னும் ஒன்பது வாரம். வாசல் காவலாளியிலிருந்து இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் கார்டம்மா.

கார்டம்மா எழுதினால் தப்பு இருக்காது என்பது அலுவலகத்தில் அடிபடும் பேச்சு. வீட்டிலும் அதே பேச்சுதான், தொனி மட்டும் வேறு. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் கணவர், உப்பு டப்பாவில் கார்டம்மா சர்க்கரையைக் கொட்டிவிட்ட நாளில், "ஐயையோ, இதுக்கு எந்த கார்டைத் திருத்தறது?" என்று கேட்டுவிட்டு, டப்பாவைக் கழுவாமலே போய்விட்டார்.

வருட ஆரம்பத்தில் ஓர் ஒப்பந்த இன்ஜினியர் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. தலையில் முடியும் முகத்தில் சிரிப்பும் குறைவு. அட்டைகளை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோவது அவர் வேலை.

"இனிமே கார்டுல இருக்கற மாதிரி கட்டம் கிடையாது மேடம். எல்லாம் வாக்கியம். 'இந்தப் பூட்டு கிடைத்தது இந்த ஊரில்.' இப்படி லட்சக்கணக்குல. ஒண்ணோட ஒண்ணு தானா கை கோத்துக்கும். வேற நாட்டு மியூசியத்துல அதே ஊர்ச் சாவி இருந்தா, நம்ம பூட்டு போய் அதைக் கண்டுபிடிச்சுக்கும்."

"இதுக்கு என்ன பேரு?"

"செமான்டிக் வெப்."

"நாங்க இதைத்தான் டீ குடிக்கறப்ப பண்ணிக்கிட்டிருந்தோம்" என்றார் கார்டம்மா.

அட்டைகளைப் படம் பிடித்தார்கள். எங்கோ ஓர் ஆபீசில் உட்கார்ந்து படத்தில் தெரிந்ததைத் தெரிந்தபடி தட்டச்சு செய்தார்கள். வாக்கியங்கள் கை கோத்துக்கொண்டன. ஒரு செவ்வாய்க்கிழமை இன்ஜினியர் இயக்குநரையும் கார்டம்மாவையும் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். வரைபடத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். நடுவில் மட்டும் தோசைக்கல் அகலத்துக்கு ஒன்று.

"ஒரே ஊர்ல நிறைய பொருள் கிடைச்சா, அங்க ஒரு சமூகம் வாழ்ந்திருக்கும்னு விதி எழுதியிருந்தேன். அது ஒரு புது சமூகத்தைக் கண்டுபிடிச்சிருக்கு சார். ஊர் பேரு, அறை ஏழு."

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஏழாம் அறை மக்கள் இரும்பை உருக்கினார்கள். மரப்பொம்மை செதுக்கினார்கள். வாள் வைத்திருந்தார்கள், கேடயம் வைத்துக்கொள்ளவில்லை. ஓர் ஆந்தையைப் பிடித்து வைக்கோல் திணித்தார்கள். ஈராயிரம் வருடம் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. மொத்தம் 1,214 பொருள்கள். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் அகழாய்வைப் பார்வையிட அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்.

"ஏழாம் அறைன்னா, நம்ம மாடியில இருக்கறதா?"

"அதேதான் சார்."

"அங்க ஒட்டடைதானய்யா இருக்கு!"

"ஒட்டடைக்கு யாரும் கார்டு போடலை சார்."

இயக்குநர் சட்டென்று முடிவெடுத்தார். "டைப் அடிச்சவங்க சொதப்பியிருக்காங்க. அத்தனைக்கும் 'ஊர் தெரியவில்லை'ன்னு போட்டுடுங்க. வெள்ளிக்கிழமை கார்டெல்லாம் காகித ஆலைக்குப் போகுது, அதோட தலைவலி விட்டுது."

கார்டம்மா பதிவறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தார்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் பின்கட்டுக் கூரை ஒழுகியது. மூன்றே நாளில் 1,214 பொருள்களை ஏழாம் அறைக்குத் தூக்கினார்கள். எது எங்கே இருக்கிறது என்று எழுத அட்டையில் கட்டமே இல்லை. இழுப்பறையைத் திறந்து விரலால் தள்ளினால் கண்ணில் படுவது வலது மேல் மூலை ஒன்றுதான். அந்த மூலையில் இருந்தது 'கிடைத்த ஊர்'. கார்டம்மா அதன்மேல் 'அறை 7' என்று எழுதிய தாள்துண்டுகளை ஒட்டினார். தற்காலிகமாக. கூரை ஆறு மாதத்தில் சரியானது. பொருள்கள் அங்கேயே தங்கிவிட்டன, துண்டுகளும்தான். ஊர்கள் அடியில் இருந்தன.

அன்று மாலை கணவரிடம் சொன்னார்.

"சொன்னா என்ன ஆயிடும்?"

"வழியனுப்பு மடல்ல 'ஒரு பிழையும் இல்லாத பணி'ன்னு போட்டிருக்காங்க. அச்சடிச்சு வந்தாச்சு."

"சொல்லலேன்னா?"

"ஆயிரத்து இருநூத்திப் பதினாலு பொருளுக்கு ஊரே இருக்காது."

கணவர் சோற்றைப் பிசைந்தார். "பவர் மாத்திக் கண்ணாடி குடுத்தேன்னு வை, மறுநாளே அந்த ஆளு கடை வாசல்ல நின்னு கத்துவான். உன் ஆந்தை வந்து கத்தாது."

"அதனால?"

"அதனால நீதான் போகணும். சாம்பாரை இந்தப் பக்கம் தள்ளு."

புதன்கிழமை காலை கார்டம்மா ஆந்தையின் அட்டையை இயக்குநர் மேசையில் வைத்தார். இன்ஜினியரும் இருந்தார். ஈர விரலால் மூலையைத் தடவி, துண்டை நிதானமாக உரித்தார். அடியில் ஓர் ஊரின் பெயர், மை மங்காமல்.

"மேல இருக்கறதும் என் கையெழுத்து, கீழ இருக்கறதும் என் கையெழுத்து சார். டைப் அடிச்சவங்க பாத்ததைத்தான் அடிச்சாங்க. மறைச்சது நான்."

இயக்குநர் அட்டையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"எல்லா கார்டுலயும் அடியில ஊர் இருக்கா?"

"இருக்கு சார். ஆலைக்குப் போனா இருக்காது."

"மடல் அச்சாயிடுச்சேம்மா. எண்பது காப்பி."

"அது மேலயும் ஒரு துண்டு ஒட்டிக்கலாம் சார்."

இன்ஜினியர் சிரித்தார். அந்தக் கட்டடத்தில் அவர் சிரித்தது அதுவே முதல் தடவை என்று பிறகு காவலாளி சொன்னார்.

வெள்ளிக்கிழமை வந்த லாரி வெறுமனே திரும்பியது. பேராசிரியருக்கு மன்னிப்புக் கேட்டு நாலு வரியில் பதில் போனது. அவர் விடாமல், ஆந்தை மட்டுமாவது உண்மையா என்று கேட்டிருந்தார். மடலில் 'ஒரு பிழையும்' என்ற இடத்தில் 'பெரும்பாலும் பிழை' என்று எண்பது துண்டுகள் ஒட்டப்பட்டன. ஒட்டியவர் கார்டம்மாவே. இந்த முறை நல்ல பசை.

திங்கட்கிழமை பதிவறைக்கு ஒரு மின்சாரக் கெட்டில் வந்தது. ஆவியில் காட்டினால் பழைய பசை விட்டுவிடும். நாளுக்கு முப்பது அட்டை என்று வைத்தாலும் நாற்பத்தொரு நாள் ஆகும். அவருக்கு மிச்சம் இருந்தது நாற்பது வேலை நாள். புதன்கிழமையே உரித்த ஆந்தை போக, முதல் நாள் ஐம்பது பிரித்தார். சாயங்காலம் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது ஏழாம் அறையின் கணக்கில் 1,163 பொருள்கள் இருந்தன.