பந்தியில் சொன்ன போப்பாண்டவர் தேர்தல்

போப்பாண்டவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்துகொண்டு அந்தத் தலைப்பை எடுத்ததற்கு உறவுக்காரர்கள் சிரித்தார்கள். நான் பாடம் நடத்தும் கல்லூரியிலும் அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. போப்பாண்டவர் காலமாகி, புதியவரைத் தேர்ந்தெடுக்கும் மூத்த ஆயர்களான கர்தினால்கள் கூடிய அன்றுதான் ஒரு தொலைக்காட்சியிலிருந்து அழைத்தார்கள். சாயங்காலம் வீட்டிலிருந்தே வீடியோவில் பேச வேண்டும்.

அன்றைக்குப் பார்த்து எதிர்வீட்டில் காதுகுத்து. ஸ்பீக்கர் சத்தத்தில் எங்கள் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. விசேஷ வீட்டில் போய்ப் பாட்டை நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. தயங்கித் தயங்கிப் போய் அந்த வீட்டு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாம்மா நீ, காலைலயே சொல்லக் கூடாதா?" என்றவர், ஸ்பீக்கர்காரரைப் பார்த்து, "யப்பா, அத்த நிறுத்து. டீச்சர் டிவில பேசப் போவுது" என்று கத்தினார்.

தெருவே அடங்கியது. நான்தான் சொதப்பினேன். நெறியாளர் "அடுத்தவர் யார்?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டார். இதுவரை தேர்தல்கள் எப்படி நடந்தன என்று சொல்லத்தான் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்தபோது நேரம் முடிந்துவிட்டது.

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பந்தியில் இருந்தவர்கள் செல்போனில் பார்த்திருக்கிறார்கள். அக்கா எனக்கும் ஓர் இலை போட்டு உட்காரவைத்தார்.

"அவன் உன்னப் பேசவே வுடல. இப்ப சொல்லு, ஓட்டுப் போட்றவங்கள ஏன் உள்ள வெச்சுப் பூட்றாங்க?"

முன்னொரு காலத்தில் இத்தாலியில் ஓர் ஊரில் கர்தினால்கள் முடிவெடுக்காமல் வருடக்கணக்கில் இழுத்தடிக்க, பொறுமையிழந்த ஜனங்கள் அவர்களைப் பூட்டிவைத்து, சாப்பாட்டைக் குறைத்து, கூரையையும் பிரித்துவிட்டார்களாம் என்றேன். பந்தியே சிரித்தது.

"நம்ப கோயில் கல்வெட்டுல கீற மாதிரி குடத்துல சீட்டு போட்டு எடுக்கறாங்களா?" என்றார் பெரியவர் ஒருவர்.

இல்லை, அது குலுக்கல். இங்கே பெயர் எழுதிப் போட்டு எண்ணுவார்கள், மூன்றில் இரண்டு பங்கு ஒருவருக்கே சேரும்வரை மறுபடி மறுபடி போடுவார்கள், சீட்டை எரிக்கிற புகை கறுப்பாக வந்தால் இன்னும் முடியவில்லை, வெள்ளையாக வந்தால் புதியவர் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம் என்றேன். இலையில் சோறு ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை எனக்கு.

மறுநாள் ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் வாசலில் அக்காவின் குரல்.

"யம்மா, வெள்ளப் பொக வந்துட்ச்சு! ஓடியா, யாருன்னு நீதான் சொல்லணும்."

அவர் வீட்டுக் கூடத்தில் டிவியைச் சுற்றித் தெருவே கூடியிருந்தது. முன்னால் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். புதியவர் மாடத்தில் வந்து நிற்கும்வரை பேசிக்கொண்டே இருந்தேன். அந்த அக்காவுக்கு இன்னும் வாய்விட்டு நன்றி சொல்லவில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வார்.