நான் காட்டிய புத்தர்

வந்தவர் ஆசையாகக் கேட்பது இந்த ஊரில் இல்லை என்று சொல்ல வாய் வராது. கைடு தொழிலின் சாபக்கேடு அதுதான். இந்தத் தொழிலில் காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் மன்னிக்கவும்.

இருக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரை ஸ்டேஷன் வாசல்தான் என் இடம். ஒருநாள் ரங்கூன் வியாபாரி ஒருவர் வந்து இறங்கினார். அசோகர் காலத்துப் பிக்குகள் தர்மம் பரப்ப இலங்கைக்குப் போனார்களே, அவர்கள் தங்கிய இடம் இங்கே உண்டா என்று கேட்டார். எனக்குக் கோயிலைத் தவிர ஒன்றும் தெரியாது. இருக்கு என்று சொல்லி ஜட்காவில் ஏற்றினேன். வண்டிக்காரர் காதர் பாய் என் காதோரம் கேட்டார்:

"இருக்குன்னுட்டீங்க. வண்டிய எங்கண்ணே விட?"

அரசமரம்

மேற்கே ஒரு மலையில் சமணர் சிலை உண்டு. கண்மூடி உட்கார்ந்திருக்கும், எனக்கு அது போதும். அதையே புத்தர் என்றேன். அடுத்து வந்தவர்களிடம், பிக்குகள் படுத்த குகை இது என்றேன். மூன்றாவது கோஷ்டியிடம், அடிவாரத்து அரசமரமே அவர்கள் நட்டதுதான் என்று அளந்தேன். பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த சம்சாரி நிமிர்ந்தார்.

"சாமி, அந்த மரத்த வச்சது எங்கய்யா. தண்ணி ஊத்துனது நான்தேன்."

நோட்டுப் புத்தகம்

பிறகு கண்டியிலிருந்து வயதான பிக்கு ஒருவர் வந்தார். கொழும்பில் பழகிய தமிழ் பேசினார். தர்மம் கடல் தாண்டிய வழியைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம். உச்சிவெயிலில் மலையேறி மூச்சு வாங்கினார். காதர் பாய் தன் தண்ணீர்க் கூஜாவை நீட்ட, நான் வாங்கி அவரிடம் கொடுத்தேன். வழக்கமான பொய்களை அவிழ்த்துவிட்டேன். மெதுவாகச் சொல்லுங்கள் என்று நோட்டைத் திறந்தார். என் பொய் புத்தகத்தில் ஏறப்போகிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

மறுநாள் காலை அவருடைய தனுஷ்கோடி ரயில் கிளம்புமுன் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அது சமணர் சிலை, நான் சொன்னதெல்லாம் புளுகு, தயவுசெய்து நோட்டிலிருந்து அடித்துவிடுங்கள் என்றேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் நோட்டைப் பிரித்துச் சிங்களத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னார்:

"சிலைக்கு உடுப்பு இல்ல. புத்தர் இல்ல. கூட்டிட்டுப் போனவர் நல்லவர், தன்ட தண்ணிய எனக்குத் தந்தார்."

இத்தனை புளுகையும் ஒப்புக்கொண்ட நான், அந்தத் தண்ணீர் காதர் பாயுடையது என்பதை மட்டும் சொல்லாமலே அவரை ரயிலேற்றிவிட்டேன்.