ஃப்ரிட்ஜ் மேலே, நாலு பதினேழுக்கு

இது நிஜமாக நடந்தது. நம்ப மாட்டேன் என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

இளமாறனை எனக்குப் பதினொரு வருஷமாகத் தெரியும். பொள்ளாச்சிக்காரன். டெக்ஸாஸில், இர்விங்கில் டேட்டாபேஸ் வேலை. எதையும் இரண்டு தடவை செக் பண்ணாமல் நம்ப மாட்டான். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். பேய், பிசாசு என்றால் விழுந்து விழுந்து சிரிப்பான். அந்த ஆள் என்னிடம் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

நடுராத்திரி, அமாவாசை என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். எல்லாம் சாயங்காலம் 4:17க்கு. வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும் நேரம்.

அவர்கள் தெருவில் ஒரே மாதத்தில் இரண்டு இந்தியர் வீடுகளில் திருட்டு. நம்மவர் வீடென்றால் நகை இருக்கும் என்று திருடர்களுக்கும் தெரிந்துபோய்விட்டது. இளமாறனுக்குத் தூக்கம் போயிற்று. வீட்டில் மனைவி பிரீத்தி, ஆறு வயது மகள் வெண்பா. கிரீன் கார்டு அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. துப்பாக்கி வாங்க இனித் தடையில்லை.

கூட வேலை பார்க்கும் கதிர்தான் யோசனை சொன்னான். "மாப்ள, புதுசு எதுக்குடா? போலீஸ் யூஸ் பண்ணதை வாங்கு. டிபார்ட்மென்ட்ல மாடல் மாத்துறப்போ பழசையெல்லாம் கடையில தள்ளிடுவாங்க. நானே ஒண்ணு வாங்கப் போறேன்."

கடையில் முப்பது பிஸ்டல்கள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் ஒரே டிபார்ட்மென்ட், ஒரே மாடல். இடுப்பு உறையில் உரசி உரசி ஓரமெல்லாம் கறுப்பு போய் வெளுத்திருந்தன. கடைக்காரப் பெரியவர் சிரித்தார். இதெல்லாம் இடுப்பில் சும்மா தொங்கினவை, சுட்டது ரொம்பக் குறைவு, வெளியேதான் பழசு, உள்ளே புதுசு என்றார். ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு நம்பர். கதிர் கைக்கு வந்த ஒன்றை எடுத்துக்கொண்டான். நம்ம ஆள் அரை மணி நேரம் ஆராய்ந்து, தேய்மானம் குறைந்ததாக ஒன்றைப் பொறுக்கினான். நம்பர் 31.

வரும் வழியில் கதிர் கிண்டலடித்தான். "பழைய கார் வாங்குனப்போ எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டியே, இதுக்கு இல்லையாடா?"

இளமாறன் சிரித்தான். சுற்றிப் போடவில்லை.

மூன்று வாரம் அது படுக்கையறை லாக்கரில் சும்மா கிடந்தது. பயிற்சி வகுப்புக்குப் போகும் வரை குண்டுப் பெட்டியின் சீலைக்கூட உடைப்பதில்லை என்று பிரீத்தி கறாராகச் சொல்லியிருந்தாள்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. புதன்கிழமை.

ஹாலில் மேஜை போட்டு எல்லாவற்றையும் அடுக்கினார்கள். இரண்டு லேப்டாப், கார் சாவி, அரிவாள்மணை, வெண்பாவின் கிரேயான் டப்பா. கடைசியில் இளமாறன் 31ஐக் கொண்டுவந்து நடுவில் வைத்தான்.

"ஏன் மாமா, இதையுமா?" என்றாள் பிரீத்தி.

"ஆயுத பூஜைக்கு ஆயுதத்தை வெக்காம வேறென்னத்த வெக்கறது?"

"உள்ள குண்டு கிண்டு இருக்கப் போவுது."

இளமாறன் குண்டு அடுக்கும் மேகசினைக் கழற்றிக் காட்டினான். மேலிருக்கும் ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பிடித்தான். குண்டு உட்காரும் குழி காலி. பிரீத்திக்கு மனசு ஆறவில்லை. சுண்டு விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாள். காலிதான். அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் எடுக்கக் கூடாது அல்லவா? எடுக்கவில்லை. பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷன், அன்று ராத்திரி முழுக்கத் துப்பாக்கியை வெளியிலேயே விட்டுவிட்டுத் தூங்கினான்.

வியாழன் காலை மறுபூஜைக்கு வந்தால், 31இல் வைத்த பொட்டை மட்டும் காணோம். ஈரத்துணியால் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. மற்ற எல்லாவற்றிலும் பொட்டு அப்படியே இருந்தது.

வெண்பாவைத் திட்டினார்கள். அவள், "ஐ டிட்ன்ட்!" என்று அழுதாள்.

பிஸ்டல் லாக்கருக்குப் போயிற்று. அன்று இளமாறனுக்கு வீட்டிலிருந்தே வேலை. மீட்டிங்கில் இருந்தான். பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மணி பார்த்தான், 4:17. பள்ளிக்கூடம் முடிந்து டேகேரில் இருக்கும் வெண்பாவைக் கூட்டிக்கொண்டு பிரீத்தி நாலரைக்குத்தான் வருவாள். இன்று சீக்கிரம் வந்துவிட்டாள் போல என்று நினைத்தான்.

காலடி கேட்டது. கனமான பூட்ஸ் காலடி.

பிரீத்தி வீட்டுக்குள் செருப்பே போட மாட்டாள்.

தோல் பெல்ட் கிறீச்சிடும் ஓசை. அப்புறம் சமையலறையில்... "டொக்".

ஓடிப் போய்ப் பார்த்தான். யாருமில்லை. பின்கதவு உள்பக்கம் தாழிட்டபடி இருந்தது. நாலரைக்கு பிரீத்தி வந்தாள். பால் கேனை வைக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"மாமா, துப்பாக்கியை எதுக்கு ஃப்ரிட்ஜ் மேல வெச்சீங்க?"

லாக்கர் பூட்டியே இருந்தது. திறந்தான். உள்ளே குண்டுப் பெட்டி மட்டும்தான் இருந்தது.

நீதான் எடுத்தாய், நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று இருவரும் மாறி மாறிக் கத்திக்கொண்டார்கள். லாக்கர் நம்பரை மாற்றினான். பிரீத்திக்கும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஆபீஸில் இருக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது. "மறுபடியும் ஃப்ரிட்ஜ் மேல இருக்குது..." அவள் குரலே மாறியிருந்தது.

சனிக்கிழமை 4:17. ஒன்றுமில்லை. ஞாயிறும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டான் இளமாறன். கதிருக்குப் போன் போட்டுக் கேட்டான். அவனுடையது கப்சிப்பென்று கிடக்கிறதாம்.

திங்கட்கிழமை லீவு போட்டான். பயம் ஒரு பக்கம், கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற வீம்பு ஒரு பக்கம். ஃப்ரிட்ஜைப் பார்த்தபடி டைனிங் டேபிளில் உட்கார்ந்தான்.

4:15. வெளியே யாரோ புல் வெட்டும் சத்தம்.

4:16. அந்தச் சத்தம் நின்றது.

4:17.

பின்கதவின் தாழ்ப்பாள் கண்ணெதிரே தானாகத் திரும்பியது. கதவு அசையவில்லை. ஆனால் திறக்கிற சத்தம் கேட்டது. காலடி உள்ளே வந்தது. ஒன்று... இரண்டு... மூன்று... அவன் நாற்காலியை ஒட்டியே கடந்து போனது. வியர்வை நாற்றமும் தோல் நாற்றமும் அடித்தன.

"டொக்."

நிமிர்ந்து பார்த்தான். ஃப்ரிட்ஜ் மேலே 31 இருந்தது.

எழுந்து ஓட வேண்டும். கால் வரவில்லை. அந்தக் காலடி மாடிப்படி ஏறிப் போயிற்று. மேலே குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம்.

4:26.

எதிரே இருந்த நாற்காலி அசைந்தது.

கிரீச்...

யாரும் தொடவில்லை. ஒரு சாண் நகர்ந்தது. நின்றது. மறுபடியும்... கிரீச்... முழு பலத்தையும் கொடுத்து இழுக்கிற மாதிரி. குட்டிக் கைகள் இழுக்கிற மாதிரி.

நாற்காலி ஃப்ரிட்ஜ் அடியில் போய் நின்றது.

அதன் மெத்தை அமுங்கியது.

4:29.

கராஜ் கதவு திறந்தது. வெண்பா பையை வீசிவிட்டு ஓடி வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். அதற்கு மேலே காற்றைப் பார்த்தாள். சிரித்தாள்.

"அப்பா, ஷீ கான்ட் ரீச் இட். ஷீ வான்ட்ஸ் மீ டு கெட் இட்."

சொல்லிக்கொண்டே ஒரு காலை நாற்காலியில் வைத்துவிட்டாள். கையை மேலே நீட்டினாள்.

அப்போதுதான் இளமாறனுக்குக் கால் வந்தது. பிள்ளையை இடுப்போடு வாரினான். பிரீத்தியையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினான். செருப்பில்லை, போனில்லை. அன்று ராத்திரி மூவரும் கதிர் வீட்டில்தான்.

மறுநாள் காலை 10 மணிக்குக் கதிரோடு போய், ஃப்ரிட்ஜ் மேலிருந்ததை எடுத்து அதன் பெட்டியில் போட்டான். உள்ளே திறந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டியைக் கடையில் வைத்தான். பணம் வேண்டாம், இது யாருடையது என்று மட்டும் சொல்லுங்கள் என்றான். பெரியவர் முதலில் மழுப்பினார். இளமாறன் முகத்தைப் பார்த்துவிட்டு, டிபார்ட்மென்ட்டில் தெரிந்த ஒருவருக்குப் போன் செய்தார். நம்பர் 31 என்றார். அப்புறம் ரொம்ப நேரம் "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

போனை வைத்துவிட்டுச் சொன்னார். திங்கள் முதல் வெள்ளி வரை பகல் டூட்டி பார்த்த ஒரு போலீஸ்காரருடையது. சனி, ஞாயிறு லீவு. தினமும் வீட்டுக்கு வந்ததும் பிள்ளைக்கு எட்டாதபடி ஃப்ரிட்ஜ் மேலே வைத்துவிட்டுக் குளிக்கப் போவாராம். ஒருநாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறியிருக்கிறாள். ஆறு வயது. அதற்கப்புறம் அவரும் அதிக நாள் உயிரோடு இல்லை.

"பயிற்சியைத் தவிர, இது சுட்டது அந்த ஒரு தடவைதான்" என்றார் பெரியவர்.

கதிர் மெல்லச் சொன்னான். "நல்லவேளைடா. உன்னோடதுல குண்டு இல்ல. பாப்பா எடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

இளமாறனும் ராத்திரி முழுக்க அதைச் சொல்லித்தான் மனசைத் தேற்றியிருந்தான். குண்டுப் பெட்டி சீல்கூட உடையாமல் லாக்கரில் கிடக்கிறது.

துப்பாக்கி எது கைக்கு வந்தாலும் காலிதானா என்று பார்ப்பது கடைக்காரர்கள் வழக்கம். பெரியவர் பெட்டியைத் திறந்தார். 31ஐ எடுத்து ஸ்லைடைப் பின்னால் இழுத்தார்.

"டிங்."

கண்ணாடி மேஜையில் ஒரு குண்டு விழுந்து உருண்டது. பழைய குண்டு. பித்தளை கறுத்துப் போயிருந்தது. தன் கடையில் இந்தக் குண்டு விற்றதே இல்லை என்றார் பெரியவர்.

பூஜையன்று பிரீத்தி விரலை விட்டுத் தடவிப் பார்த்தாளே... அந்தக் குழியிலிருந்துதான் அது விழுந்தது.