பீலியில் வந்த கை

பேய்க்குக் கால் இல்லை என்று நம் மக்கள் உறுதியாக நம்புகிறார்கள். இது பாரதூரமான பிழை. பேய்க்குக் கால் உண்டு. எங்கள் நூலகத்தை விட்டுப் பேய்ப் புத்தகம் போல அவ்வளவு வேகமாக வெளியே நடக்கும் புத்தகம் வேறு இல்லை. திரும்பி நடந்து வருவதில்தான் சிக்கல். டிசம்பர் விடுமுறையில், மழையும் மூட்டமும் பதுளையில் பிற்பகலிலேயே விளக்குப் போட வைக்கும்போது, சிறுவர் வாசிப்பு வட்டம் நடத்தும் என் சக பாவிகளுக்கு இது தெரியும்.

தட்டு மாறிய சாமி

பேய்க் கதைகளுக்கென்று அலுமாரியில் ஒரு தட்டை ஒதுக்கினேன். 'முனி' என்று தலைப்பிட்ட புத்தகமும் அதில் ஏறியது. ஹாலிஎலப் பக்கத் தேயிலைத் தோட்டத்தின் லயக் குடியிருப்பிலிருந்து வரும் தர்ஷினிக்குப் பதினொரு வயது. வட்டத்தில் அவளைப் போல உரக்க வாசிக்க ஆளில்லை. அவள் தட்டைப் பார்த்துத் திகைத்து நின்றாள். அவர்கள் தோட்டத்தில் முனி, தேயிலை மலை எல்லையைக் காக்கும் சாமி.

நூற்பகுப்பு விதிகளை அவளுக்கு விரிவாக விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, புத்தகத்தை எடுத்துச் சமய நூல்களோடு வைத்தாள்.

"அவரு பக்கத்துல பேய வச்சா, பேய்தாங்க மிஸ் பாவம்."

மூடும் கலை

கதையை ஒரே நாளில் முடித்தால் அடுத்த சனிக்கிழமை யார் வருவார்? ஆகவே மிகப் பயங்கரமான இடத்தில் புத்தகத்தை மூடுவது என் வழக்கம். அன்று, குடம் விழுந்த கிணற்றிலிருந்து ஈரக் கை ஒன்று மெல்ல மேலே வந்த இடத்தில் மூடினேன். பிள்ளைகள் கத்தினார்கள். தர்ஷினி புத்தகத்தை இரவல் கேட்டாள். இருப்பது ஒரே பிரதி என்று மறுத்தேன்.

சக ஊழியர் வசந்தா தலையை ஆட்டினார். "அந்தப் பேய்க்குக் கூட ஒங்கள விட எரக்கம் இருக்கும்க்கா."

குடத்தோடு வந்த வழக்கு

அடுத்த சனிக்கிழமை தர்ஷினி வரவில்லை. அவள் அம்மா சசிகலா மட்டும் வந்தார், கொழுந்து எடுத்த களைப்போடு.

"மிஸ், ஒங்க கையால எங்க லயத்துல தண்ணி இல்ல."

நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டேன்.

"அந்தக் கை இல்ல, கதையில வந்த கை. எங்க லயத்துல ஏது கெணறு? இவ அத நாங்க தண்ணி புடிக்கிற பீலிக்கு மாத்தி எல்லாப் புள்ளைகளுக்கும் சொல்லிட்டா. இப்ப பொழுது சாஞ்சா ஒரு புள்ள பீலிப் பக்கம் போறதில்ல. மலையிலருந்து வந்து நானே அத்தன தண்ணியும் சொமக்கிறேன். இனி அவள அனுப்ப மாட்டேங்க."

அவள் இல்லாத வாசிப்பு வட்டத்தை நினைத்துப் பார்த்தேன். சசிகலா போகத் திரும்பியவர் நின்றார்.

"ஆமா, அது யாரு கை?"

விழுந்த குடத்தை எடுத்துக் கொடுக்க வந்த கை அது என்றேன். கடைசிப் பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா அதையே நாலு குடம் தூக்கச் சொல்லியிருப்பேனே! இனிமே முழுசா முடிச்சு அனுப்புறதா இருந்தா புள்ளைய அனுப்புறேன்."

தர்ஷினி வருகிறாள். ஹாலிஎலப் பக்கம் போகும் ஐந்து மணி பஸ், சனிக்கிழமைகளில் கதை முடியும்வரை அவளுக்காகக் காத்திருந்துதான் புறப்படுகிறது.